ஆகாயத்துக்கு நேர்ந்த கிடா

1957 நவம்பர் 4, திங்கள்

தூறல். நான் முன்பே சொன்னது அத்தனையும் நடந்துவிட்டது. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

ரஷ்யாக்காரன் ராக்கெட்டில் ஒரு நாயை வைத்து ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டான். பேப்பரில் கொட்டை எழுத்து. நேற்றே ரேடியோவில் சொன்னார்களாம். உயிரோடு போய், உயிரோடு சுற்றுகிறது. போன மாதம் வெறும் உருண்டையை அனுப்பினான். அன்றே டீக்கடையில் சொன்னேன், அடுத்தது உயிருள்ளது போகும் என்று. சாட்சி டீக்கடைக்காரர். அவர் ஞாபகம் இல்லை என்கிறார். அது அவர் குறை.

அது மட்டுமா. மூன்று வருடம் முன்பே விஸ்வநத்தம் பொட்டலில் ஒரு வாணத்தின் குச்சியில் வெட்டுக்கிளியை நூலால் கட்டி விட்டவன் நான். ஏறியது, வெடித்தது, வெட்டுக்கிளி ஆமத்தூர்க் கண்மாய்க் கரையில் போய்ச் சாவகாசமாக இறங்கியது. இந்தச் சேதி ரஷ்யாவுக்கு யார் மூலம் போனது என்பதுதான் தெரியவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் சீசன் முடிந்த அமைதி. தீபாவளி லோடு எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. வாணக் கொட்டகையில் (மேஸ்திரி நான்) பன்னிரண்டு பெண்கள் குழாய் உருட்டுகிறார்கள். ஈரத்தில் ஒன்றும் காயவில்லை. மத்தியானச் சோற்று வேளையில் பேப்பரை நான் வாசிக்க வேண்டும், அது வழக்கம். ஐந்தாம் வகுப்பு படித்த வாய்க்கு அங்கே மதிப்பு உண்டு.

நாய்ச் சேதியை வாசித்து முடித்தேன். பிறகு குருவம்மா. கொட்டகையிலேயே வேகமான கை அவளுடையது, வாயும் அப்படியே.

"மாமா, குச்சி எம்புட்டு நீளம்?"

இவர்களுக்கு ராக்கெட் என்றால் ஒரே ராக்கெட்தான். குழாய், வெடிமருந்து, திரி, குச்சி. குச்சி பிசகினால் சரக்கு கோணிக்கொண்டு போய்க் கூரையில் விழும். நாயையும் சுமந்து நேராகப் போக எத்தனை முழம் வேண்டும்? நியாயமான கேள்வி. பேப்பரில் குச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பனைமர உசரம்" என்றேன்.

"அப்போ பத்த வச்சவன் எப்பிடி ஓடித் தப்பிச்சான்?"

"முதல் நாளே பத்த வச்சுட்டாங்க தாயி. அம்புட்டு நீளத் திரி."

திருப்தி. எந்தக் கம்பெனிச் சரக்கு என்று இன்னொருத்தி கேட்டாள். மருந்து நம்ம பக்கத்து மருந்தாகத்தான் இருக்கும் என்று வைத்தேன். மறுக்க ஆளில்லை.

நாயின் பேர் லைகாவாம். "மணின்னு வச்சிருக்கலாம்." குருவம்மா.

பேப்பரில் இருந்தது: உலகத்தை ஒரு சுற்று சுற்ற ஒன்றே முக்கால் மணி. நான் சேர்த்தது: கேப்பைக் களி, ஜன்னல் ஓரத்து இடம், காதுக்குப் பஞ்சு.

இதை எழுதும்போதும் அது தலைக்கு மேல் எங்கோ போகிறது. விருதுநகர் போய் வந்து கால் கழுவுவதற்குள் ஒரு உலகம் முடிந்துவிடுகிறது அதற்கு. ஒரு நாய்க்கு.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டது. மஞ்சள் வெயில். குழாய் காயச் சாக்கு விரித்தாயிற்று.

வருகிற செவ்வாய் ஊர்ப் பொங்கல். புதன் காலை கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. செவ்வாய் சாயங்காலம் கோயில் முன் நாடகம். ஆறு வருடமாக என் பொறுப்பு. போன வருடம் என் நாடகம் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வந்தது. (ஒரு ஆள். சொந்த வேலையாக வந்தவர். நின்று பார்த்தார்.)

இந்தத் தடவை கதை மேலேயிருந்தே வந்துவிட்டது. நாய் போனால் பேப்பர்ச் சேதி. எருமை போனால்? குருவம்மாவிடம் சோதித்தேன். "ஒரு எருமை ராக்கெட்டுல ஏறுது" என்றேன், அவ்வளவுதான். உருட்டின குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பின்னால் இருந்தவர்களும். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

தலைப்பு: ஆகாயத்தில் கால்நடை.

போகிறவர்கள்:
1. எருமை. இரண்டு ஆள், ஒரு கறுப்புப் படுதா.
2. கோழி. குருவம்மா புருஷன். கழுத்து ஏற்கெனவே அப்படித்தான்.
3. கழுதை. ஏற மறுக்கும், ஒரு காட்சி.
4. பசு. வேண்டாம். பெரிய ஆட்கள் கோபிப்பார்கள்.
5. கிடா. வேசம் வேண்டாம், நிஜக் கிடாவே.

நிஜக் கிடா தங்கச்சி பேச்சியம்மாளுடையது. போன வருடம் மருந்து தீப்பிடித்து மாப்பிள்ளை மாரியப்பனுக்கு (அவள் புருஷன்) வலது கை வெந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல். கை பிழைத்தால் கிடா வெட்டுவதாகப் பேச்சி கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள். கை பிழைத்தது. இரண்டு விரல் மட்டும் மடங்காது. அன்றிலிருந்து மாப்பிள்ளை தீக்குச்சி கிழிப்பதில்லை, பீடியையே விட்டுவிட்டான்.

நேர்ந்தபோது அது குட்டி. இப்போது கொம்பு ஒரு சாண். வருகிற புதன் அதன் நாள். பேச்சி அதற்குச் சீனி என்று பேர் வேறு வைத்திருக்கிறாள். நேர்ந்து விட்டதற்குப் பேர் வைப்பார்களா? கூப்பிட்டால் வருகிறது. அதுதான் கஷ்டம்.

நாடகத்துக்குக் கேட்டேன்.

"தாரேன் அண்ணே. ஒரு நாளாச்சும் அதுவும் ஆடிட்டுப் போகட்டும்."

முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். அடுப்பு எரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பௌர்ணமி, கிரகணம். நிலா எழும்பிக் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு கடி. கடி பெரிதாகிக்கொண்டே போய் ஏழே முக்கால் சுமாருக்கு முழு நிலாவும் பழைய செம்புக் குடம் மாதிரி. தெருவே வாசலில். எந்த வீட்டிலும் உலை இல்லை.

எதிர்த் தெருவிலிருந்து குருவம்மா:

"வழக்கமா பாம்புல்ல முழுங்கும். இப்போ நாயும் சேந்துக்கிருச்சா மாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் பேப்பர் வாசிப்பவன் நான் ஒருத்தன்.

"நாயிதான். குறுக்க நிக்குது. இப்போ நகந்துரும்" என்றேன்.

நகர்ந்தது. எட்டேகால் சுமாருக்கு ஒரு ஓரம் வெளுத்தது. எனக்கு நல்ல பேர். ஒரு அம்மாள் தட்டில் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் வாயில் வந்ததை நானே பாதி நம்பினேன். அந்த நிறத்தில் நிலாவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான். ஒரு நாய் போய் நின்றால் நிலா சிவந்துவிடும் என்று தோன்றும்படித்தான் இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி

ஒத்திகை, பேச்சி வீட்டு மாட்டுக் கொட்டத்தில். சாயங்காலம் நாலு முதல் ஆறு.

பேப்பரில் புதுச் சேதி: மேலே எதற்கும் எடை கிடையாது. கையை விட்டால் எதுவும் கீழே விழாது, மிதக்கும். இதைப் பத்து தடவை வாசித்தேன். நாடகம் தன்னால் எழுதிக்கொண்டது.

கோழி: "முட்டை போட்டேன். கீழ விழலை, மேல போயிருச்சு. இனி அடைகாக்க நான் எங்கன ஏற?"

பால்காரன்: எருமையைக் கறக்கிறான். பால் செம்பில் விழாமல் உருண்டையாக நிற்கிறது. தண்ணீர் கலக்கப் பார்க்கிறான். தண்ணீர் தனி உருண்டை. இரண்டும் சேரமாட்டேன் என்கிறது. "இங்கன பொழைக்க முடியாது சாமி" என்று இறங்கிப் போய்விடுகிறான்.

எருமை: "கண்மாய் எங்கன இருக்கு?" நிலாவைக் காட்டுகிறார்கள். "தூரத்துல வெள்ளையாத்தான் தெரியும். கிட்டப் போனா சேறு இருக்கும். விடுங்க என்னைய."

"சாணி எங்கன விழும் மச்சான்?" மாப்பிள்ளை, திண்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன்.

"விழாது மாப்ளே. பின்னாலேயே வரும்."

"எம்புட்டுத் தூரம்?"

"உலகத்தைச் சுத்தி."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். கை வெந்த பிறகு இன்றுதான். பேச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம். நாய் போனால் வாயைப் பிளக்கிறோம். எருமை போனால் சிரிக்கிறோம். இரண்டும் நாலு கால்தானே. பொதுவாகக் கேட்டேன். பேச்சி சொன்னாள்:

"நாயிக்கு இங்கன என்ன சோலி அண்ணே, வாசல்ல கிடக்கும். எருமைக்கு வேலை கிடக்கு. போட்டது போட்டபடி ஆகாயத்துக்குக் கெளம்பிட்டா சிரிப்பு வராதா?"

நல்ல பேச்சு. நாளைக் காலை இதை நான் சொன்னதாகக் கொட்டகையில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் போன பிறகு சீனிக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அந்த நாயிகிட்ட கேட்டாகளா?"

"என்னத்தைக் கேக்க?"

"வாரியான்னு. நம்ம சாமி எம்புட்டுத் துடியானது, அதுவே கிடா சம்மதிக்காம வாங்காது. தண்ணி தெளிச்சு, துலுக்குனாத்தான் வெட்டுவாக. அந்த நாயிக்குத் தண்ணி தெளிச்சாகளா?"

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் அது உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்ப வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்கிறோம். துலுக்கினால் சம்மதம். துலுக்காவிட்டால் பூசாரி அருவாளைத் தொடமாட்டார். எனக்குத் தெரிந்து துலுக்காத கிடா எங்கள் ஊரில் இல்லை. முதுகில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் எந்த ஆடு சும்மா நிற்கும்.

"தெளிச்சாங்க பேச்சி. பன்னீர். மூணு தடவை துலுக்குச்சு, அப்புறந்தான் ஏத்துனாங்க. பேப்பர்ல போட்டிருக்கு."

"அப்போ சரி. எறங்கிருமா?"

"குடையைப் பிடிச்சுக்கிட்டு எறங்கும்."

குடை நான் சேர்த்ததல்ல. அப்படியும் இருக்கலாம் என்று பேப்பரிலேயே ஒருத்தர் எழுதியிருந்தார். பன்னீர் நான் சேர்த்தது.

நவம்பர் 9, சனி

விடியற்காலை. பனி. மேகம் இல்லை.

விடியும் நேரத்தில் சில ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிறதாம். நேற்றுக் கொட்டகையில் இதை வாசித்துவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க, நான் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் திசை, எந்த நேரம், ஒன்றும் தெரியாது. வராவிட்டால் மேகத்தைச் சொல்லலாம் என்று இருந்தேன். மேகமே இல்லை.

தூக்குச்சட்டியோடு எல்லோரும் வந்துவிட்டார்கள், பன்னிரண்டு பேரும். பேச்சியும் மாப்பிள்ளையும் பின்னால். காயப்போடும் பொட்டலில் நின்றோம். குருவம்மா குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "எங்க மாமா ஒங்க நாயி? வெட்டுக்கிளியாச்சும் காட்டுங்க."

"வெட்டுக்கிளி இல்லை, ஓணான்" என்றேன்.

"போன திங்கக்கிழமை வெட்டுக்கிளிதான்."

அப்போது தென்மேற்கே ஒரு நட்சத்திரம் நகர்ந்தது.

முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். இல்லை. நகர்ந்தது. மற்ற நட்சத்திரங்கள் அப்படியே நிற்க, இது ஒன்று மட்டும் அவற்றுக்கு நடுவே நேர்கோட்டில். வால் இல்லை. பொறி இல்லை. சத்தம் இல்லை. அவசரம் இல்லை.

குருவம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நான் பார்த்ததில்லை.

இருபது வருடமாக மேலே அனுப்புவதுதான் என் தொழில். எங்கள் சரக்கு பத்து எண்ணுவதற்குள் ஏறி, பூத்து, கருகி, குச்சி கீழே விழுந்துவிடும். பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். பத்து. இருபது. ஐம்பது. நூறு தாண்டியும் அது போய்க்கொண்டே இருந்தது. நூற்று முப்பது சுமாரில் கணக்கை விட்டுவிட்டேன்.

"சத்தமே இல்லையே" என்று மாப்பிள்ளை, மெதுவாக.

"நாம செய்யுறது முடிஞ்சுருது. இது முடியவே மாட்டேங்குதே." யார் சொன்னது என்று தெரியவில்லை.

பேச்சி கையை உயர்த்தி, தெருவில் போகிற நாயைக் கூப்பிடுகிற மாதிரி விரலைச் சொடுக்கினாள். "ஏ மணி." சத்தமாக இல்லை.

கிழக்கே வெளிச்சத்தில் போய் மறைந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசையாக உள்ளே போய் உட்கார்ந்து குழாயை எடுத்தார்கள். காலைப் பொழுது முழுக்க யார் கையும் வேகமாக ஓடவில்லை, நானும் சொல்லவில்லை.

சேர்த்துச் சொல்ல ஒன்றும் வரவில்லை எனக்கு. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இப்படி ஆனது இதுவே முதல் தடவை.

நவம்பர் 10, ஞாயிறு

வேலை இல்லை. நாடகச் சாமான்:

ராக்கெட்: மூங்கில் தட்டி, மேலே பழைய லேபிள் ஒட்டியது. ஆள் உயரம் இரண்டு. குச்சியும் வைத்தேன், குச்சி இல்லாவிட்டால் ஊர் ஒப்புக்கொள்ளாது.
நிலா: பிரம்பு வளையம், வெள்ளைக் காகிதம், மைதாப் பசை.
சீனிக்குத் தலைக்கூடு: அட்டைப் பெட்டி, கொம்புக்கு இரண்டு ஓட்டை.
பூச்சட்டி ஒன்று, ராக்கெட் கிளம்பும்போது கீழே பற்றவைக்க.

மத்தியானம் பார்த்தால் தலைக்கூடு இல்லை. பசைக்கு ஆசைப்பட்டுச் சீனி தின்றுவிட்டது. புதிதாக ஒன்று செய்தேன். அதற்கு வேப்பெண்ணெய் தடவினேன். அதையும் ஒரு மூலையில் கடித்திருக்கிறது.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது அதற்கு. தின்னட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

பொங்கல். வெயில். தெரு முழுக்க வேப்பிலை.

மத்தியானம் டீக்கடை. பேப்பரில் நாயைத் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. உள்ளே ஒரு மூலையில் சின்ன எழுத்தில். மேலேயிருந்து ரேடியோவில் வந்துகொண்டிருந்த ஓசை நின்றுவிட்டது. நாய் இறந்திருக்கும். கீழே கொண்டுவர வழி முதலிலிருந்தே கிடையாது.

முதலிலிருந்தே.

அந்தப் பக்கத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டேன். டீக்கடைக்காரர், "எதுக்குவே அது?" என்றார். வத்தல் விலை பார்க்க என்றேன். இன்று கொட்டகை லீவு, வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

சனிக்கிழமை பார்த்தோமே, அப்போது அது இருந்ததா இல்லையா? பேச்சி விரலைச் சொடுக்கியபோது?

சாயங்காலம் நாடகம். கூட்டம் ஆயிரத்துக்கு மேல். (இருநூறு இருக்கும்.) கழுதை ஏற மறுத்தது, கைதட்டல். கோழி முட்டையைத் தேடி மேலே பார்த்துக்கொண்டே போய் எருமை மேல் முட்டிக்கொண்டது. அது ஒத்திகையில் இல்லாதது. ராக்கெட் கிளம்பும் கட்டம். பூச்சட்டியைப் பற்றவைக்க வேண்டியவன் எருமைக்குள் மாட்டிக்கொண்டான், படுதா முடிச்சு அவிழவில்லை.

"ஏலே, யாராச்சும் பத்த வைங்கலே" என்று உள்ளேயிருந்து எருமை கத்த, கூட்டம் அதற்கும் சிரித்தது.

மாப்பிள்ளை எழுந்து வந்தான். கற்பூரத் தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்தான். வலது கையில்தான் எடுத்தான். இரண்டு விரல் நீட்டியபடியே இருக்க, குனிந்து திரியில் வைத்துவிட்டு, பழைய மாதிரி மூன்று எட்டு பின்னால் வந்து நின்றான். பூ ஆள் உயரத்துக்கு எழும்பியது. அந்த வெளிச்சத்தில் பேச்சியைப் பார்த்தேன். வாயில் முந்தானை.

நிலாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீனி, தலையில் பெட்டியோடு, நேராக நடந்து போய் நிலாவைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு ஓரத்திலிருந்து அழகாக. "கிரகணம்லே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வெட்கத்தை விட்டுச் சிரித்த கூட்டத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. நிலா பாதி போனபோது இழுத்துவிட்டோம்.

கடைசிக் காட்சி எழுதியபடி இல்லை. மேடைக்குப் பின்னால் நின்றபடியே மாற்றிவிட்டேன். திரும்புகிற வழியில் ஒரு நாய்க்குரல் கேட்கிறது. (நான்தான் குரைத்தேன்.) எருமை கேட்கிறது, "யாருப்பா அங்கன?" "நான்தான், ரஷ்யா நாயி. என்னைய விட்டுட்டுப் போயிட்டாக." "முதுகுல ஏறிக்க. சாணி வருது, அதைப் பாத்து ஒக்காரு." எல்லோரும் சேர்ந்து இறங்குகிறார்கள்.

முடிந்ததும் பேச்சி வந்தாள்.

"நெசமாவே நாயி எறங்கிருச்சா அண்ணே?"

மடியில் பேப்பர்.

"எறங்கிருச்சு."

"காலையில சீனிய நீங்கதான் பிடிக்கணும். நான் பக்கத்துல நிக்க மாட்டேன். நான் நின்னா என் மூஞ்சியப் பாக்கும்."

நவம்பர் 13, புதன்

மேகமூட்டம். காற்று இல்லை.

காலை ஒன்பது மணி. வரிசையில் எட்டுக் கிடா. சீனி ஆறாவது. முன்னால் நின்ற ஐந்தும் தண்ணீர் பட்டதும் துலுக்கின.

பூசாரி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை முதுகில் விட்டார். நான் பிடித்திருந்தேன். சீனி கல் மாதிரி நின்றது. இரண்டாம் செம்பு. அப்படியே. மூன்றாம் செம்பு. ஒரு மயிர் அசையவில்லை. பதினெட்டுச் செம்பு ஊற்றினார்கள். ஈரத்தில் அதன் வயிறு கரைந்து ஒல்லியாகத் தெரிந்தது. சத்தமே இல்லை கூட்டத்தில். அந்தப் பொட்டலில் விடியற்காலை நின்ற மாதிரியே இருந்தது எனக்கு.

"சாமி ஏத்துக்கிடலை" என்றார் பூசாரி. "என்ன குத்தம் நடந்துச்சு? சொல்லுங்க."

பேச்சி தூரத்தில் வேம்படியில். முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு நின்றான். சாமி கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறதோ என்று.

கூட்டத்தில் ஒரு பெரியவர்: "நேர்ந்த கிடாவுக்குப் பெட்டியை மாட்டி நெலாவுக்கு அனுப்புனா சாமிக்குப் பொறுக்குமாய்யா?"

எல்லோரும் என் பக்கம். நேற்று வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான்.

நான் கிடாவை விடவில்லை. பிடித்தபடியே மண்டி போட்டேன். "குத்தம் என்னோடது சாமி. தங்கச்சி மேலயும் மாப்பிள்ளை மேலயும் இல்லை. கூத்து நான் கட்டுனது." சத்தமாகச் சொன்னேன், மூன்று தடவை. மறுபடி தண்ணீர். சீனி துலுக்கவில்லை.

பூசாரி கண்ணை மூடி வெகு நேரம் நின்றார். பிறகு: "வெட்டக்கூடாது. உசுரோட கோயிலுக்கு விட்டுருங்க. நேர்த்தி முடிஞ்சது, குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே இவன் நாடகம் கோயில் முன்னால வேண்டாம்."

காதில் மஞ்சள் நூல் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். சீனி நேரே வேம்படிக்குப் போய்விட்டது.

நவம்பர் 14, வியாழன்

மழை. கொட்டகை திறந்தாயிற்று.

பேப்பர் வாசிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. குருவம்மா மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போன வருசம் மதுரையில இருந்து ஆள் வந்துச்சுன்னீக. அடுத்த வருசம் வந்தா என்ன சொல்ல மாமா?"

"ஆகாயத்துக்குப் போயிட்டான்னு சொல்லு."

சிரித்தாள். குழாயை என் பக்கம் தள்ளினாள். நானும் கொஞ்சம் உருட்டினேன். அடுத்த பொங்கலுக்குக் கோழிகளை வைத்து ஒன்று யோசித்திருந்தேன். அது போயிற்று.

சாயங்காலம் பேச்சி வீட்டுப் பக்கம் போனேன். கோயில் கிடா, வீட்டில் கட்டக்கூடாது. கட்டவில்லை. அது தன்னால் வந்து கொட்டத்தில் படுத்திருந்தது. மாப்பிள்ளை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி. தானே பற்றவைத்தது.

"ஒங்களைத்தான் எல்லாரும் ஏசுறாக" என்றாள் பேச்சி. "என்னால ஒங்களுக்கு இந்தப் பேரு."

"பேரு கெடக்கு தாயி."

"அதுக்கு எப்பிடித் தோணுச்சு அண்ணே, துலுக்கக்கூடாதுன்னு? அம்புட்டுத் தண்ணிக்கும் நின்னுச்சே. நெனைச்சா மேலு சிலுக்குது."

எனக்கும் அப்படித்தான் என்றேன். காப்பி கொடுத்தாள். சர்க்கரை அதிகம்.

நவம்பர் 15, வெள்ளி

விட்டு விட்டுத் தூறல். வேலைக்குப் போகவில்லை.

புதன்கிழமை எழுதியதை மறுபடி வாசித்தேன். பதினெட்டுச் செம்பு இல்லை, ஏழு. அது இருக்கட்டும். செம்பு கூடினால் யாருக்கும் நட்டமில்லை.

ஒரு மயிர் அசையவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது அப்படி இல்லை.

முதல் செம்பிலேயே துலுக்கியது. கழுத்தடியில் ஆரம்பித்தது, எனக்குத் தெரிந்தது. நான் அதன் முதுகுத்தண்டில் பெருவிரல் இரண்டையும் ஊன்றி, முழங்காலால் வயிற்றை அணைத்து, நெஞ்சையும் மேலே சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். தோல் என் கைக்குக் கீழே அலை மாதிரி ஓடி வந்து நின்றது. ஏழு தடவையும் வந்தது. ஏழு தடவையும் விடவில்லை. பூசாரி பார்த்திருப்பாரோ, தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றதற்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சீனி சம்மதித்தது. நான்தான் சம்மதிக்கவில்லை.